எல்லாமே முக்கியமா இருக்கே மிஸ்!

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவியின் அறிவியல் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பக்கமெல்லாம் மஞ்சள். ஹைலைட்டர் புதிதாக வாங்கியிருப்பாள் போல, கை நிற்கவே இல்லை. பதினொரு வரிப் பத்தியில் ஒன்பது வரிக்கு மஞ்சள் பூசியிருந்தாள். பூசாமல் விட்டது எதை என்று பார்த்தால் "மேலும்", "இதன் காரணமாக", "ஆனால்" மாதிரியான சொற்களை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்திக்கு உயிரே அந்த "ஆனால்"தான். அதுவரை சொன்ன அத்தனையையும் புரட்டிப் போடுகிற "ஆனால்" அது.

"ஏம்மா, முழுப் பக்கத்துக்கும் அடிச்சு வெச்சிருக்கே?"

"நீங்கதானே மிஸ் முக்கியமானதை மார்க் பண்ணச் சொன்னீங்க. எல்லாமே முக்கியமா இருக்கே மிஸ்!"

கிண்டலாகச் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்குக் கிண்டல் வராது. உண்மையிலேயே அவளுக்கு எல்லாம் முக்கியமாகத்தான் பட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் தப்பு என் மேல். பத்துப் பன்னிரண்டு வருடமாக "முக்கியமானதை அடிக்கோடிடுங்க" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன், அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. நீச்சல் தெரியாதவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கரையில் நின்றுகொண்டு "மிதக்கணும், மிதக்கணும்" என்று கத்துகிற கதை.

அன்றிலிருந்து இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கொஞ்சம் படித்தேன், வகுப்பில் நிறையச் சொதப்பினேன், சிலது உருப்பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஹைலைட்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 2013-ல் ஜான் டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும், மாணவர்கள் பயன்படுத்துகிற பத்துப் படிப்பு முறைகளை எடுத்துக்கொண்டு, அதுவரை நடந்த ஆய்வுகளை அலசி, எதனால் எவ்வளவு பயன் என்று தரம் பிரித்தார்கள். அடிக்கோடிடுவதும் ஹைலைட் செய்வதும் "பயன் குறைவு" வரிசையில் போய் உட்கார்ந்தன. சுருக்கி எழுதுவதும் அதே வரிசைதான், அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் நான் அதைத்தான் பெரிதாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: ஏற்கெனவே சுருக்கத் தெரிந்தவர்களுக்கு அது உதவும், தெரியாதவர்களுக்கு முதலில் நல்ல பயிற்சி கொடுத்தாக வேண்டும். பேனா என்ன பாவம் செய்தது, பிடித்திருக்கிற கைக்கு எதைத் தொடுவது என்று தெரியவில்லை.

1933-லேயே ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மன் ஆய்வாளர் ஒன்றைக் காட்டினார். ஒரு பட்டியலில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வித்தியாசமாக இருந்தால் அது நினைவில் தங்கும். அவ்வளவுதான் விஷயம். அப்படியென்றால் முழுப் பக்கமும் மஞ்சளாக இருக்கும்போது தனித்துத் தெரிவது எது? பூசாமல் விட்ட "மேலும்"தான்! இன்னொன்று, பழைய புத்தகம் வாங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு. 1997-ல் வந்த ஓர் ஆய்வில், வேறு யாரோ தப்பான இடங்களில் கோடு போட்டு வைத்திருந்த பக்கங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்தவர்களுக்குப் புரிதல் குறைந்தது. "அந்தக் கோடுகளைக் கண்டுக்காதீங்க" என்று முன்கூட்டியே எச்சரித்தும் குறைந்தது. அண்ணனோ அக்காவோ போட்ட கோடு தம்பியின் கண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது.

சரி, முக்கியமானது என்றால் என்ன?

இதற்கு எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பதில் ஒரு வீட்டுக் கதை. 1977-ல் பிச்சர்ட், ஆண்டர்சன் என்ற இருவர் செய்த சோதனை அது. இரண்டு பையன்கள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, அவர்களில் ஒருவனுடைய ஆளில்லாத வீட்டில் சுற்றுகிறார்கள் என்று ஒரு சின்னக் கதை. கூரை ஒழுகுகிறது, நிலவறை ஈரம் படிந்து கிடக்கிறது, அப்பாவின் நாணயச் சேகரிப்பு இருக்கிறது, கலர் டிவி இருக்கிறது, இப்படிக் கதையில் விவரங்கள் கொட்டிக் கிடக்கும். படிக்கிறவர்களில் சிலரிடம் "நீங்கள் ஒரு திருடன் என்று நினைத்துப் படியுங்கள்" என்றார்கள், சிலரிடம் "நீங்கள் வீடு வாங்க வந்தவர்" என்றார்கள். திருடனுக்கு நாணயம் நினைவிருந்தது, வாங்க வந்தவருக்குக் கூரை நினைவிருந்தது. இதில் பெரிய ஆச்சரியம் இல்லைதான். அடுத்த வருடம் அதே இருவர் இன்னொன்று செய்தார்கள். படித்து, நினைவிலிருந்து எழுதி முடித்த பிறகு, "இப்போது பாத்திரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், திருடனாக இருந்தவர்கள் வீடு வாங்குபவராகி மறுபடி எழுதுங்கள்" என்றார்கள். கதையைத் திரும்பக் கொடுக்கவில்லை. ஆனாலும் முதல் தடவை எழுதாமல் விட்ட விவரங்கள் சில இரண்டாம் தடவை வந்து விழுந்தன! உள்ளே இருந்திருக்கிறது, கேட்க ஆளில்லாமல் இருந்திருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் மறுநாளே இதே மாதிரி ஒரு பத்தி எழுதி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஒரு பள்ளிக் கட்டடத்தைப் பற்றிய பத்தி. பாதி வகுப்பு தீயணைப்பு வீரர்கள், பாதி வகுப்பு புதிதாகச் சேர வந்த மாணவர்கள். இரண்டு பாதியும் தனித்தனியாக ஐந்தே ஐந்து விவரத்துக்கு அடிக்கோடிட வேண்டும். போட்டு முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரே சத்தம். "இவன் படிக்கட்டோட அகலத்துக்குக் கோடு போட்டிருக்கான் மிஸ், லூசு!" என்று ஒருவன். "உனக்கு நூலகம் எத்தனை மணிக்குத் திறக்குதுன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போவுது, எரியுதுடா!" என்று மற்றவன். நான் எதுவும் விளக்க வேண்டி வரவில்லை. ஒரே தாள், ஒரே எழுத்து, எது முக்கியம் என்பது மட்டும் தாளில் இல்லை, படிக்கிறவன் கையில் இருக்கிற கேள்வியில் இருக்கிறது என்பதை அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கண்ணுக்கும் இதே கதைதான். 1960-களில் ஆல்ஃபிரட் யார்பஸ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, இலியா ரெப்பின் வரைந்த ஓர் ஓவியத்தைக் காட்டி, பார்ப்பவரின் கண் எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைகிற காட்சி அது. "இவர்களுக்கு என்ன வயதிருக்கும்?" என்று கேட்டால் கண் முகங்களிலேயே சுற்றுகிறது. "என்ன உடை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் உடம்பு முழுக்க இறங்கிப் போகிறது. கேள்விக்குக் கேள்வி வேறு கோலம். கேள்வியே இல்லாமல் "நல்லாப் பாரு" என்று சொன்னால் அவரவர் கண் அவரவர் இஷ்டத்துக்குத்தானே போகும்? நாம் வகுப்பில் சொல்வது பெரும்பாலும் அந்த "நல்லாப் பாரு"தான்.

அதனால் இப்போது நான் செய்கிற முதல் காரியம், வாசிக்கக் கொடுப்பதற்கு முன்பே போர்டில் ஒரு கேள்வியை எழுதிவிடுவது. பாடத்தின் கடைசியில் இருக்கிற கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. "இதைப் படிச்சு முடிச்சதும் யாருக்கு, எதுக்கு உதவணும்?" என்று கேட்டால் கூடப் போதும்.

கேள்வியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கேள்வியையே படிக்காமல் எண்ணைத் தேடுகிற ஒரு வியாதி இருக்கிறது. பிரான்சில் கிரனோபிள் நகரத்தின் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் 1979 வாக்கில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் எண்களைக் கூட்டியோ கழித்தோ ஒரு விடை சொல்லிவிட்டார்கள். 36 வயது! சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் வகுப்பில் சொல்கணக்கு கொடுத்துப் பாருங்கள், கேள்விக்குத் தேவையில்லாத ஒரு எண்ணைச் சும்மா உள்ளே போட்டு வையுங்கள், எத்தனை பேர் அதையும் எடுத்துக் கூட்டி வைத்திருப்பார்கள் என்று. கொடுத்த எண் எல்லாவற்றையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பது அவர்களுக்கு எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியது நாம்தான், ஏனென்றால் நாம் கொடுக்கிற கணக்குகளில் எப்போதும் தேவையான எண்கள் மட்டும்தான், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் இருக்கும்.

இதற்கு நான் வைத்திருக்கிற மருந்து, விடை கண்டுபிடிக்கவே வேண்டாத கணக்கு. ஐந்து கணக்கு கொடுப்பேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "சரியா இருக்கு", "கூட இருக்கு", "பத்தாது" என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும், அவ்வளவுதான். கூட இருந்தால் எது என்று அடிக்க வேண்டும், பத்தவில்லை என்றால் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று எழுத வேண்டும். நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளைகள்தான் முதலில் தடுமாறுவார்கள். "விடை வேண்டாமா மிஸ்?" என்று ஏதோ சொத்து பறிபோனது போலக் கேட்பார்கள்.

அப்புறம் சுருக்கி எழுதுதல். "மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக" என்று பரீட்சையில் வருமே, அதற்குப் பிள்ளைகள் எப்படி விடை எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் விரல் விட்டுச் சொற்களை எண்ணுவார்கள். நூற்றிருபது. மூன்றால் வகுப்பார்கள். நாற்பது. பிறகு முதல் வரியை அப்படியே எடுத்து எழுதி அதில் "மிகவும்" என்பதை வெட்டுவார்கள். இரண்டாவது வரியை எழுதி "அழகான" என்பதை வெட்டுவார்கள். நாற்பது சொல் நிரம்பியதும் பேனாவை மூடிவிடுவார்கள், பத்தி பாதியில் நிற்கும். 1983-ல் ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இரு ஆய்வாளர்கள் சுருக்குவதைப் பற்றி ஆராய்ந்தபோது கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். வேண்டாததை நீக்குவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே ஓரளவு வந்துவிடுகிறது. பல பொருள்களை ஒரே சொல்லில் அடக்குவது அதைவிடக் கடினம். எல்லாவற்றிலும் கடினம், பத்தியில் எங்குமே எழுதப்படாத மைய வாக்கியத்தைத் தானாக உருவாக்குவது; கல்லூரி மாணவர்களுக்கே அது சுலபமாக வருவதில்லை. நாம் என்னவோ எட்டாம் வகுப்பில் "மையக்கருத்து எழுதுக" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

இதற்கு வகுப்பில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போர்டில் இந்தப் பத்தியை எழுதினேன்:

"கார்ல் வான் ஃபிரிஷ் 1886-ல் வியன்னாவில் பிறந்தார். பூக்கள் இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ, கூட்டுக்குள் வயிற்றை ஆட்டியபடி நேர்கோட்டில் ஓடும். திரும்பி வந்து மறுபடி அதே கோட்டில் ஓடும். கூட்டுக்குள் இருட்டாக இருக்கும். அந்த ஓட்டம் செங்குத்துக் கோட்டிலிருந்து எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறதோ, வெளியே சூரியன் இருக்கும் திசையிலிருந்து அதே கோணத்தில் பூக்கள் இருக்கும். ஓட்டம் நீளும் நேரத்துக்கு ஏற்பத் தொலைவும் கூடும். வான் ஃபிரிஷ் 1973-ல் கொன்ராட் லாரன்ஸ், நிகோ டின்பெர்கன் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்."

கேள்வி எதுவும் கொடுக்காமல் மூன்று இடத்தில் கோடு போடச் சொன்னேன். வகுப்பே 1886, வியன்னா, நோபல் 1973 என்று போட்டுவிட்டது. பெயர், ஊர், ஆண்டு. ஒற்றை மார்க் கேள்விக்குப் பழகின கண் அது, குறை சொல்ல முடியாது. பிறகு கேள்வியைக் கொடுத்தேன்: "நீ அந்தக் கூட்டுக்குள்ள இருக்கிற இன்னொரு தேனீ. பறக்கத் தயாரா நிக்கிறே. உனக்கு எந்த வரி வேணும்?" சட்டென்று கோடுகள் இடம் மாறின. கோணம், நேரம். வான் ஃபிரிஷ் எங்கே பிறந்தார் என்று எந்தத் தேனீயும் கவலைப்படாது.

அடுத்து அழிக்கிற வேலை. ஒவ்வொருவராக வந்து டஸ்டரால் ஒரு வரியை அழிக்கலாம், ஆனால் அழித்த பிறகும் மிச்சம் புரிய வேண்டும். புரியாமல் போனால் அழித்தவரே அந்த வரியை மறுபடி எழுத வேண்டும். முதல் வரி போனது, கடைசி வரி போனது, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மூன்றாவதாக வந்த பையன் "கூட்டுக்குள் இருட்டாக இருக்கும்" என்பதை அழித்தான். நானும் சும்மா இருந்தேன், உண்மையைச் சொன்னால் எனக்கும் அது அழகுக்காக எழுதின வரியாகத்தான் பட்டது. பின்னாலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "இருட்டுன்னு சொல்லலைன்னா, நேரா சூரியனைப் பார்த்தே காட்டிட்டுப் போகலாமே மிஸ், எதுக்குச் செங்குத்துக் கோட்டை வெச்சுக் காட்டணும்?"

பாருங்கள். சூரியன் தெரியாத இடத்தில் மேல்நோக்கிய திசையைச் சூரியனாக வைத்துக்கொள்கிறது தேனீ. அந்த மூன்று சொல் வரி இல்லாவிட்டால் கோணத்தைப் பற்றிய வரி அந்தரத்தில் நிற்கிறது. பையன் முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரும்ப எழுதினான். அதன் பிறகு போர்டில் மிஞ்சியதைப் பார்த்து ஒரே வாக்கியம் கேட்டேன், அதிலுள்ள வரி எதையும் காப்பி அடிக்காமல். ஏழெட்டு முயற்சிக்குப் பின் வந்தது: "தேனீ ஆடிக் காட்டியே பூ இருக்கிற திசையையும் தூரத்தையும் மத்த தேனீக்குச் சொல்லிடுது." திசை என்ற சொல்லாவது போர்டில் இருந்தது, தூரம் என்ற சொல்லும் "சொல்லிடுது" என்பதும் பத்தியில் எங்குமே இல்லை. நாற்பது நிமிடத்தில் ஒரு வாக்கியம். பாடத்திட்டம் முடிக்கச் சொல்லி நெருக்குகிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று தெரியும், அதனால் அவர்களிடம் சொல்லவில்லை.

இப்போது என் சொந்தக் குற்றம் ஒன்று. சுவாரசியமாகப் பாடம் நடத்துவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு வருடம் இடி மின்னல் பாடத்தைத் தொடங்கும்போது, மின்னல் தாக்கி உயிர் தப்பியவர்களைப் பற்றி ஒரு பத்து நிமிடம் வர்ணித்துத் தள்ளினேன். வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது. தேர்வில் "மின்னல் எவ்வாறு உருவாகிறது?" என்ற கேள்விக்குப் பாதிப் பேர் எழுதியிருந்தது அந்த உயிர் தப்பிய கதையை. மேகத்துக்குள் மின்னூட்டம் பிரிவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கோபம் வந்தது, அப்புறம்தான் தெரிந்தது, இதற்கு ஆய்வே இருக்கிறது, அதுவும் இதே மின்னல் பாடத்தில்! 1998-ல் ஹார்ப், மேயர் என்ற இருவர் மின்னல் உருவாகும் விதத்தை விளக்கும் பாடத்துக்கு நடுவே, மின்னல் தாக்கிய விளையாட்டு வீரர் மாதிரியான சுவையான துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். துணுக்கு இல்லாத பாடத்தைப் படித்தவர்கள்தான் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். துணுக்கைத் தொடக்கத்தில் வைத்தால் பாதிப்பு அதிகம், கடைசியில் வைத்தால் குறைவு. காரணம், தொடக்கத்தில் கேட்ட துணுக்கு "இது மின்னலின் ஆபத்தைப் பற்றிய பாடம்" என்று மனதில் ஒரு சட்டகம் போட்டுவிடுகிறது, பின்னால் வருவதெல்லாம் அந்தச் சட்டகத்துக்குள் போய் விழுகிறது.

கதை சொல்வதை நான் விடவில்லை. விட முடியாது, எனக்கும் பொழுது போக வேண்டாமா? கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கவர்ச்சியான விவரம் கண்ணை இழுப்பது ஒரு பக்கம், சப்பையான விவரம் கண்ணுக்கே படாமல் போவது இன்னொரு பக்கம். தமிழில் இது ரொம்பவே உண்டு, ஏனென்றால் நம் மொழியில் முக்கியமான விவரம் பல சமயம் ஒரு முழுச் சொல்லாகக்கூட இருக்காது, சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். "சிலர் தேறினர்", "சிலரே தேறினர்", "சிலரும் தேறினர்" மூன்றையும் எழுதி வித்தியாசம் கேட்டால் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். ஓர் ஏகாரம் வந்ததும் பாக்கிப் பேர் தோற்றுப் போகிறார்கள். ஓர் உம்மை வந்ததும் வேறு யாரோ தேறியிருக்கிறார்கள். "தவிர", "வரை", "மட்டும்", "குறைந்தது", "பொருந்தாதது". இந்த "பொருந்தாதது எது?" என்ற கேள்விக்குப் பொருந்துவதைத் தேடி எழுதிவிட்டு மார்க் போன பிள்ளைகளை எண்ண என் கை விரல் பத்தாது. "எவையேனும் மூன்றனுக்கு மட்டும் விடையளி" என்றால் ஐந்துக்கும் எழுதி நேரம் போய்விட்டது என்று அழுகிறவர்கள் தனிக் கூட்டம். அதனால் வாரம் ஒரு நாள் சின்னச் சொல் வேட்டை வைக்கிறேன். பெயர்ச்சொல், எண், ஆண்டு எதையும் தொடக்கூடாது, வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிற சின்னச் சொல்லையும் வாலையும் மட்டும் வட்டமிட வேண்டும். அந்த மஞ்சள் புத்தகத்துப் பெண் பூசாமல் விட்ட "ஆனால்" எனக்கு இன்னும் உறுத்துகிறது, அதற்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்தால் எந்தப் பாடத்தைக் கொடுத்தாலும் பிள்ளைகள் சாரத்தைப் பிழிந்துவிடுவார்களா என்றால், மாட்டார்கள். விஷயம் தெரியாத இடத்தில் எது முக்கியம் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். ஒரு சட்டப் பத்திரத்தைக் கையில் கொடுத்தால் நானும் முழுப் பக்கத்துக்கும் மஞ்சள் பூசுவேன். 1981-ல் மிஷலீன் சி என்பவரும் சகாக்களும் இயற்பியல் கணக்குகளை வகை பிரிக்கச் சொன்னபோது, புதியவர்கள் "இது சாய்தளக் கணக்கு, இது கப்பிக் கணக்கு" என்று கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் "இது ஆற்றல் அழியாமை, இது நியூட்டனின் இரண்டாம் விதி" என்று அடியில் இருந்ததை வைத்துப் பிரித்தார்கள். அந்தக் கண் இரண்டு பயிற்சித் தாளில் வராது, அந்தப் பாடத்தில் ஊறினால்தான் வரும். "சாரம் கண்டுபிடிக்கும் திறன்" என்று தனியாக ஒரு வகுப்பு எடுத்து முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கடைசியாகப் போன மாதம் நடந்த ஒன்று. ஒன்பதாம் வகுப்புக்கு நாசாவின் கொலம்பியா விண்கலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 2003 ஜனவரி 16-ல் அது கிளம்பியபோது வெளியே இருக்கும் எரிபொருள் தொட்டியைப் போர்த்தியிருந்த காப்பு நுரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. மறுநாள் வீடியோவைப் பார்த்தபோதே அது தெரிந்துவிட்டது. ஆபத்தா இல்லையா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து, மேலிடத்துக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, நம்பிக்கை தருவது போன்ற தொனியில் இருந்தது. "கணிசமான" என்று பொருள்படும் சொல் அந்த ஒரே பக்கத்தில் 5 முறை. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில், ஒரு விவரம்: பெயர்ந்த பகுதியின் கன அளவு 1920 கன அங்குலம், முன்பு சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம். அதாவது கையிலிருந்த சோதனையைப் போல 640 மடங்கு. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது விண்கலம் சிதறி 7 பேரும் இறந்தார்கள். தகவல்களைக் காட்சிப்படுத்துவதில் பேர்போன எட்வர்ட் டஃப்டி பின்னர் அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். விசாரணைக் குழுவின் அறிக்கையிலும் அது இடம்பெற்றது.

கேள்வி: "அந்த ஸ்லைடை நீங்க மறுபடி போடணும். மேலிடத்து ஆளுக்கு ஒரே ஒரு நிமிஷம்தான் நேரம். முதல் வரி என்ன?" கிட்டத்தட்ட எல்லாரும் 640 மடங்கு என்று எழுதினார்கள். என் விடைத்தாளிலும் அதுதான். சந்தோஷமாகத் திருத்திக்கொண்டே வந்தேன்.

ஒரு தாளில் மட்டும் "இன்னும் 15 நாள் இருக்கிறது" என்று முதல் வரி. 640 இரண்டாவது வரியில். தப்பு என்று போடப் பேனாவை எடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கூப்பிட்டுக் கேட்டேன். கடைசி பெஞ்சு, அதிகம் பேசாத பையன்.

"640 மடங்குன்னா பயப்படுவாங்க மிஸ். ஆனா அவர் மேலிடத்து ஆள், முடிவெடுக்கணும்ல. ஏதாவது பண்ண நேரம் இருக்கான்னுதானே அவர் முதல்ல கேப்பார்?"

அவன் எழுதிய 15 என்ற எண் நான் கொடுத்த பக்கத்தில் எங்குமே இல்லை. இரண்டு தேதிகளையும் பார்த்து, தெரிந்த நாளிலிருந்து கழித்து, அவனே எடுத்திருக்கிறான். என் விடைத்தாளில் 640-க்கு மேலே இருந்த கொஞ்சூண்டு இடத்தில் பென்சிலால் அதை எழுதி வைத்திருக்கிறேன். மார்க் இன்னும் போடவில்லை.